மாசியில் துளிர்த்த மேப்பிள்

அப்பாக்கள் முதலில் கனடாவுக்கு வந்து, நாம் பின்னால் வந்து சேர்ந்தவர்கள். ஆகவே ஊரில் உங்கள் வீட்டுக்கும் புகைப்படங்கள் வந்திருக்கும். யாருடைய காரிலோ சாய்ந்து நிற்கும் அப்பா. முழங்கால்வரை பனிக்குள் நின்று சிரிக்கும் அப்பா. இரவல் கோட்டு, இரவல் தொப்பி. எங்கள் வீட்டுக்கு வந்தவை மரங்களின் படங்கள். ஆறு ஆண்டுகளில் பதினான்கு படங்கள் வந்தன. மூன்றில்தான் அப்பா இருந்தார். அந்த மூன்றிலும் ஒன்றில் அவருடைய தலை பாதி வெட்டுப்பட்டிருந்தது.

நான் நாட்குறிப்பு எழுதுகிறவள். பதினான்கு வயதில் தொடங்கி இன்றுவரை ஒரு நாளும் விட்டதில்லை. நான் சொல்லப்போகும் குளிர்காலம் அதற்கு முந்தியது. அதனால் இதை நினைவிலிருந்துதான் எழுத வேண்டியிருக்கிறது. நிச்சயமில்லாத இடத்தில் நிச்சயமில்லை என்று சொல்லிவிடுவேன்.

படங்களில் மிக அழகானது மேப்பிளுடையது. வெள்ளைத் துணி ஒன்றுக்கு முன்னால், இலையெல்லாம் சிவந்து, அடி பருத்து, வேர்கள் நிலத்தை இறுகப் பிடித்தபடி நின்றது. பக்கத்தில் ஆளில்லை, கதிரையில்லை, மதிலில்லை. நான் அதைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோனேன். கனடாவில் எங்கள் முற்றத்தில் நிற்கும் மரம், கூரைக்கு மேலே போய்விட்டது என்று சொன்னேன். நான் வந்து ஆடுவதற்காக அப்பா அதில் ஊஞ்சல் கட்டி வைத்திருக்கிறார் என்றும் சொன்னேன். ஊஞ்சல் படத்தில் தெரியவில்லையே என்று ஒருத்தி கேட்டாள். பின்பக்கத்துக் கிளையில் என்றேன்.

தொண்ணூற்று நான்காம் ஆண்டு ஐப்பசியில் நானும் அம்மாவும் ரொறன்ரோ வந்து இறங்கினோம். எனக்குப் பத்து வயது. அப்பா போனபோது எனக்கு நாலு. வோபர்னில் ஒரு வீட்டின் நிலத்துக்குக் கீழான பேஸ்மென்றில் எங்களுக்காக இரண்டு அறை எடுத்து, புதுப் போர்வைகளும் புதுக் கோப்பைகளும் வாங்கி வைத்திருந்தார். மறுநாள் காலை நான் முதலில் கேட்டது ஊஞ்சல் மரத்தை. அவருக்கு விளங்கவில்லை. படத்தை எடுத்துக் காட்டினேன். அவர் வெளியே போய், இரண்டு கைகளாலும் ஒரு மண்சட்டியை ஏந்திக்கொண்டு திரும்பி வந்தார். சட்டிக்குள் அந்த மரம் இருந்தது. பின்னர் ஒருநாள் அடிமட்டத்தை வைத்து அளந்தேன். மண்ணிலிருந்து நுனிவரை நாற்பத்தொரு சென்ரிமீற்றர்.

அம்மா சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தச் சட்டியை அவர் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். முதல்நாள் விமான நிலையத்தில் என்னைத் தூக்கியபோது அவருடைய கைகளுக்கு எங்கே பிடிப்பது என்று தெரியவில்லை. மரத்தைப் பிடிக்கும்போது அவை சரியான இடத்தில் இருந்தன.

மொத்தம் ஐந்து மரங்கள். இரண்டு ஜூனிப்பர், ஒரு லார்ச், ஒரு எல்ம், அந்த மேப்பிள். அப்பா மார்க்கம் நகரில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை செய்தார். சட்டி உடைந்தது, கிளை முறிந்தது என்று அங்கே எறிந்தவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து, நூல்நிலையத்துப் புத்தகம் பார்த்துப் போன்சாய்க் குறுமரங்களாக வளர்த்திருந்தார். கிளைகளில் செம்புக் கம்பி சுற்றியிருக்கும். கம்பி பட்டையில் பதிந்துவிட்டதா என்று விரல் நுனியால் தடவித் தடவிப் பார்ப்பார். அப்போது நெற்றி சுருங்கும், கீழுதட்டைக் கடித்துக்கொள்வார். பிழை கண்டால், "என்ன செய்து வச்சிருக்கிறாய்?" என்று மரத்தையே அதட்டுவார்.

எங்களை அவர் அதட்டியதேயில்லை. குளிருதோ, நித்திரை வந்ததோ, சாப்பாடு பிடிச்சுதோ என்று கேட்பார். குசினிக்குப் போகும் ஒடுங்கிய வழியில் அம்மா எதிரே வந்தால், சுவரோடு ஒட்டி நின்று வழிவிடுவார். இதை ஒரு குறையாகச் சொன்னால் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். உங்களில் சிலருடைய அப்பாக்கள் முதல் மாதமே கையை நீட்டினார்கள் என்று எனக்குத் தெரியும். என்னுடைய அப்பா ஒரு நல்ல விடுதியின் முகாமையாளர் போல இருந்தார்.

ஞாயிறுகளில் ஒரு அங்கிள் வருவார். அந்த ஆறு ஆண்டுகளும் அப்பாவோடு ஒரே அறையில் இருந்தவர். ஆட்டிறைச்சிக் கறியில் எலும்பாகப் பார்த்து எடுத்துக்கொண்டு கதைசொல்லத் தொடங்குவார்.

"அக்கா, உங்கட மனுசன் ஆறு வருசத்தில என்னோட கதைச்சதை ஒரு தபாலட்டையில எழுதி முடிக்கலாம். உந்தச் சட்டியளோட கதைச்சதை எழுதத்தான் கொப்பி வேணும்."

அப்படி ஒரு கொப்பி உண்மையாகவே இருந்தது. நீல மட்டை, ஒற்றைக்கோடு. மரத்துக்கு ஒரு பகுதி. எப்போது தண்ணீர் விட்டது, எந்தக் கிளையை வெட்டியது, முதல் மொட்டு எந்த நாள். அம்மா அன்று அங்கிளுக்குச் சிரித்துவிட்டு, பிறகு உடுப்பு மடிக்கும்போது என்னைப் பார்க்காமலே சொன்னாள்: "எனக்கு வந்த கடிதமெல்லாம் சேர்த்தாலும் உந்தக் கொப்பியில பாதி வராது."

கார்த்திகையில் லார்ச் தன் ஊசியிலைகளை மஞ்சளாக்கிக் கொட்டியது. அம்மா அது செத்துப்போய்விட்டது என்று நினைத்து, அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினாள். பிறகு மேப்பிளும் எல்மும் இலை கொட்டின. அப்பா ஐந்தையும் வீட்டுக்குப் பின்னால் தனியாக நின்ற கராஜுக்குக் கொண்டுபோனார். அது மேல்வீட்டுக்காரருடையது. ஒரு மூலை மட்டும் அப்பாவுக்கு. ஹீட்டர் இல்லை. ஈரச் சிமெந்தும் பழைய எண்ணெயும் மணக்கும். சட்டிகளை மரப்பெட்டிகளில் இறக்கி, இடைவெளியில் காய்ந்த இலைகளை அடைத்து, எலி வராமல் கம்பிவலை சுற்றினார். மேலே சுவரில் ஒரு வெப்பமானி.

எனக்கு அது கொடுமையாகத் தெரிந்தது. வீட்டுக்குள் இவ்வளவு சூடு இருக்க, ஏன் அங்கே விடவேண்டும் என்று கேட்டேன். அப்பா அன்று நிறையப் பேசினார். அவர் என்னோடு தொடர்ந்து அவ்வளவு நேரம் பேசிய முதல் நாள் அதுவாக இருக்கலாம். வந்த முதல் குளிர்காலத்தில் அவரிடம் ஒரேயொரு மரம் இருந்ததாம். அதை அறைக்குள் கொண்டுவந்து ஹீட்டர் பக்கத்தில் வைத்தாராம். இரவில் அதன்மேல் சால்வையும் போட்டாராம். தை மாதத்தில் அது பச்சைப்பசேலென்று துளிர்த்தது. பங்குனியில் செத்துப்போனது.

"அதுக்குக் குளிரும் எண்டு நினைச்சன், பிள்ளை. குளிரினது எனக்கு. அதுக்குக் குளிர்தான் நித்திரை. இடையில எழுப்பினா உடம்பில உள்ள பலத்தையெல்லாம் ஒரே தரத்தில இலையாப் போட்டிட்டு, பிறகு ஒண்டுமில்லாமல் நிக்கும்."

குளிரைச் சேமித்துவைக்கும் சாமானாகப் பார்த்த மனிதர் அவர். தை மாதத்தில் ஒருநாள் திடீரென்று வெயில் எறித்துப் பனி உருகியபோது, ஓடிப்போய்க் கராஜ் கதவைத் திறந்து வைத்தார், உள்ளே சூடேறிவிடக் கூடாது என்று. சட்டிகளின்மேல் வாளியால் பனியை அள்ளிப் போட்டார். அது மெல்ல உருகி மண்ணுக்குள் இறங்குமாம். குசினியின் சின்ன யன்னலால் அவருடைய கால்களும் வாளியும் மட்டும் தெரிந்தன. ஊரெல்லாம் சூடு தேடுது, உவர் குளிர் தேடுறார் என்று அம்மா சொன்னாள்.

வெப்பமானி பார்க்கும் வேலை என்னுடையது. காலையில் ஒருதரம், பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒருதரம். கொப்பியில் நாளுக்கும் வெப்பநிலைக்கும் மரம் ஒவ்வொன்றுக்கும் நிரல் கீறிக்கொண்டேன். என் எண்கள் ஒரே உயரத்தில், ஒரே சாய்வில் இருக்கும். அப்பா வேலையால் வந்ததும் சப்பாத்தைக் கழற்றாமலே கொப்பியை எடுப்பார். மறை மூன்று, மறை ஐந்து என்று பூச்சியத்துக்குக் கீழான எண்களை வாசித்துத் தலையாட்டுவார். பிறகுதான், பள்ளிக்கூடம் எப்படி என்று என்னைக் கேட்பார். நான் சொல்லும்போது அவருடைய விரல் கொப்பியின் பக்கத்துக்குள்தான் இருக்கும்.

தைப்பொங்கல் முடிந்த கிழமை பண்ணையில் வேலை நின்றது. தெற்கே லெமிங்ரனில் தக்காளி வளர்க்கும் கண்ணாடி வீடுகளில் மூன்று வாரம் வேலை கிடைத்து, ஒரு ஞாயிறு காலை அப்பா புறப்பட்டார். போவதற்கு முன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒன்பது விதிகள் எழுதிவைத்தார். ஆறாவதற்குக் கீழே இரண்டு கோடுகள்: எந்தக் காரணத்துக்காகவும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது. அந்தப் பக்கத்தை நான் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தேன். எங்கள் இருவரையும் பற்றி எங்கும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு பின்னேரம் தொலைபேசி எடுத்தார். குசினி மணிக்கூட்டைப் பார்த்தபடி நான் பேசினேன். பதினொரு நிமிடம். அதில் ஏழு நிமிடம் மரங்கள். அம்மாவோடு இரண்டு நிமிடம். என் காய்ச்சல் பற்றி இரண்டு நிமிடம். அந்தக் கிழமை எனக்குக் காய்ச்சல் வந்து, அதோடேயே போய் வெப்பமானி பார்த்திருந்தேன். அதைச் சொன்னபோது அவர், "கெட்டிக்காரி" என்றார். பிறகு, "மேப்பிளில மொட்டு வீங்கியிருக்கோ?" என்று கேட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. பள்ளிக்கூடத்தால் வந்து நேரே கராஜுக்குப் போனேன். மறை ஆறு. அதைக் கொப்பியில் எழுதினேன். எழுதிவிட்டு, காய்ந்த இலைகளை விலக்கி, மேப்பிளின் சட்டியைத் தூக்கினேன். கையுறைக்குள்ளாலும் அதன் குளிர் சுட்டது. எனக்குப் பெரிதான சப்பாத்துகள் உறைபனியில் வழுக்கின. விழாமல், சரித்துவிடாமல், கராஜிலிருந்து வீட்டு வாசல்வரை பதினெட்டு அடிகள் வைத்து அதைக் கொண்டுவந்தேன்.

ஏன் செய்தேன் என்ற வசனத்தைப் பலமுறை எழுதிப் பார்த்திருக்கிறேன். அதைக் கொல்ல நினைத்தேனா? சூடு அதைக் கொல்லும் என்று எனக்குத் தெரியும். அதே நேரத்தில், அவருக்கு வெறும் தடியாக நிற்கும் மரம் எனக்குத் துளிர்த்துக் காட்டட்டும் என்றும் இருந்தது. அவர் வந்து அதைக் கண்டு, கொப்பியை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பவேண்டும். எப்படித் திரும்புவார் என்பதை நான் யோசிக்கவில்லை. திரும்பினால் போதும்.

அம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். என் கையில் இருந்ததைக் கண்டு நிறுத்தினாள்.

"அப்பா சொன்னவரோ?"

"ஓம்."

என்னைத் தேவைக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள். பிறகு ஹீட்டர் வாய்க்கு மேலே இருந்த சுவர்த்தட்டைத் துடைத்து, "அப்ப அதில வை," என்றாள்.

மூன்று நாளில் சட்டியின் பாசி பச்சை பிடித்து மணந்தது. மழை பெய்த மண்ணின் மணம். ஆறாம் நாள் ஞாயிறு. மொட்டுகள் வீங்கிச் சிவந்திருந்தன. அப்பா தொலைபேசியில் மேப்பிளைக் கேட்டார். எல்லாம் கராஜுக்குள்ளே அப்படியே நிற்கிறது என்று சொன்னேன். அம்மா எனக்குப் பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய கத்தியின் சத்தம் நிற்கவில்லை. கொப்பியில் மேப்பிளுக்கு நேரே ஒவ்வொரு நாளும் "மாற்றமில்லை" என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் காலை அம்மா என்னைத் தட்டி எழுப்பினாள். "வந்து பார்," என்றாள். முதல் இலைகள் விரிந்திருந்தன. என் சின்னவிரல் நகத்தளவு. கசங்கிய பட்டுப்போல, ஓரம் சிவந்து, இன்னும் ஈரம் உலராமல். யன்னலுக்கு வெளியே பனி கண்ணாடியின் பாதிவரை குவிந்திருந்தது. நான்கு மாதங்களாக நாங்கள் கண்ட முதல் துளிர் அதுதான். அன்று நான் பள்ளிக்கூடத்துக்குப் பிந்திப் போனேன். அம்மாவும் அவசரப்படுத்தவில்லை. தேத்தண்ணிக் கோப்பையோடு அதன் முன்னால் ஸ்ரூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். பொரிக்கிற நாட்களில் புகை படாமல் அதைத் தன் அறைக்குள் கொண்டுபோய் வைத்தாள். நான் பின்னேரம் வீடு வரும்போது, இன்றைக்கு இரண்டு புது இலை என்றுதான் கதவைத் திறந்தாள். மூன்றாம் நாளே எனக்கு எரிச்சல் தொடங்கியது. எனக்குத் துளிர்க்கட்டும் என்று நான் கொண்டுவந்த மரம், அம்மாவையும் எடுத்துக்கொண்டது.

பதின்மூன்றாம் நாள், ஞாயிறு மத்தியானம், அப்பா ஒரு பை நிறையத் தக்காளியோடு வந்தார். பையைக் கீழே வைத்தார். ஒரு சப்பாத்தைக் கழற்றியவர், மற்றதைக் கழற்றவில்லை. அப்படியே தட்டுக்கு அருகே போய், இலையைத் தொடாமல் சட்டி மண்ணுக்குள் விரலை வைத்துப் பார்த்தார்.

"ஆர் இதை உள்ளுக்குக் கொண்டுவந்தது?"

நான் வாயைத் திறந்தேன். இது எனக்கு நிச்சயமாக நினைவிருக்கிறது. என்ன சொல்லியிருப்பேன் என்பதுதான் தெரியாது.

"நான்தான்," என்றாள் அம்மா. "குளிருக்குள்ள பாவமாக் கிடந்தது."

அவருடைய முகம் மாறியது. நெற்றி சுருங்கியது, கீழுதடு பற்களுக்குள் போனது. கம்பி பதிந்த கிளையைப் பார்க்கும் முகம். அது அம்மாவை நோக்கித் திரும்பியது.

"என்ன செய்து வச்சிருக்கிறீர்? நித்திரையாக் கிடந்த மரம் உது. மாசிக்குள்ள எழுப்பிவிட்டிருக்கிறீர். இனி இது திரும்பிப் படுக்காது. அறிவில்லையே உமக்கு? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"எப்ப கேக்கிறது? எனக்கு ஒண்டும் தெரியாது. தெரியப்பண்ணுறதுக்கு நீங்கள் எப்ப என்னோட இருந்து கதைச்சனீங்கள்?"

நான் என் கட்டிலுக்குப் போய்விட்டேன். சுவர் மெல்லியது. மேப்பிளில் தொடங்கிய சண்டை கொஞ்ச நேரத்தில் மேப்பிளை விட்டுவிட்டது. பதில் வராத கடிதங்கள், பதுங்குகுழிக்குள் எனக்கு அம்மை போட்ட கிழமை, அப்பா கண்ணாடி முன்னால் நின்று எங்கள் பெயர்களைச் சொல்லிப் பார்த்த நாட்கள், கொழும்பில் விசாவுக்குக் காத்திருந்த வெள்ளவத்தை விடுதியில் அம்மா தனியாகக் கதவுக்கு முட்டுக் கொடுத்துப் படுத்தது. இவற்றில் பலதை அன்றுதான் நானும் முதன்முதலாகக் கேட்டேன். இருட்டுப்பட்டபோது சத்தம் தணிந்தது. குசினிக்கு வந்தபோது இரண்டு பேரும் மேசையில் இருந்து, தக்காளியை உப்புத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தார்கள். அம்மாவின் கண்கள் வீங்கியிருந்தன. அப்பாவின் ஒரு காலில் இன்னும் சப்பாத்து இருந்தது.

"நாளைக்கு ஒரு ரியூப் லைற் வாங்கவேணும்," என்று அப்பா அம்மாவிடம் சொன்னார். "வெளிச்சம் காணாது. வெளியில கொண்டுபோனா ஒரு நாளில செத்திடும். வைகாசி வரைக்கும் உள்ளுக்குள்ளதான் காப்பாத்திப் பாக்கவேணும்."

பிறகு என்னைக் கண்டு கொப்பியைக் கேட்டார். பக்கம் பக்கமாகப் பார்த்தார். மேப்பிளின் நிரலுக்கும் வந்தார். அதில் அவருடைய கண் நிற்கவில்லை. மற்ற நான்கு மரங்களின் பக்கம் போய்விட்டது. "பாரும், பிள்ளை ஒரு நாள் பிசகேல்லை," என்று அம்மாவுக்குக் காட்டினார். அம்மா கொப்பியைப் பார்த்தாள். "ஓம், வடிவா எழுதியிருக்கிறாள்," என்றாள்.

பிறகு வந்த மூன்று மாதங்களைப் பற்றி அதிகம் எழுத எனக்கு விருப்பமில்லை, ஆனால் எழுதாமல் விடவும் முடியாது. குசினித் தட்டில் ரியூப் லைற் வந்தது. அதன் கீழே மேப்பிள் வந்தது. அதன் இருபக்கமும் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அவர் தண்ணீர் தெளிக்கும் அளவைச் சொல்லிக் கொடுப்பார். அவள் இலையின் அடியைத் திருப்பிப் பார்ப்பாள். அந்த வெள்ளை வெளிச்சத்தில் இரண்டு தலைகளும் முட்டுமளவுக்குக் கிட்ட இருக்கும். அம்மா ஏதோ சொல்ல, அப்பா சிரிப்பார். ஒடுங்கிய வழியில் அவர் இப்போது சுவரோடு ஒட்டி நிற்பதில்லை. அம்மாதான், "வழியை விடுங்கோவன்," என்று முழங்கையால் இடித்துக்கொண்டு போவாள்.

நான் போய் நின்றால், "நீ படி பிள்ளை, இதை நானும் அம்மாவும் பாக்கிறம்," என்பார். அன்பாகத்தான் சொல்வார். வெப்பமானிக்கும் என்னைப் பிறகு அனுப்பவில்லை. பிள்ளை குளிருக்குள்ளே போய்க் காய்ச்சல் எடுத்தது போதும் என்று அம்மா சொல்லிவிட்டாளாம். நான் பிறகு எத்தனையோ பேர்மேல் பொறாமைப்பட்டிருக்கிறேன். என்னைவிட நல்ல புள்ளி எடுத்தவள், என்னைவிட முதலில் வீடு வாங்கிய மைத்துனி, இப்படி. எல்லாவற்றுக்கும் ஒரு வெளிச்சம் வைத்துப் பார்த்தால், அது அந்த ரியூப் லைற்றின் வெளிச்சமாகத்தான் இருக்கும்.

மரம் தேறவில்லை. இலைகள் வெளிறி, காம்பு நீண்டு, தொங்கின. சித்திரையில் ஓரம் கருகத் தொடங்கியது. கராஜிலிருந்த நான்கும் வெளியே வந்து மொட்டுவிட்ட கிழமை, அப்பா மேப்பிளின் அடியை நகத்தால் மெல்லச் சுரண்டினார். உயிர் இருந்தால் பட்டைக்குக் கீழே பச்சை தெரியும். கபில நிறமாக இருந்தது. இன்னும் கீழே சுரண்டினார். அதுவும் கபிலம். அம்மா அவருடைய தோளில் கையை வைத்தாள். அவர் கிளையிலிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுருட்டி வைத்தார். நான் கதவடியில் நின்றேன். அவர்கள் இருவருக்கும் ஒரு துக்கம் இருந்தது. எனக்குக் குற்றம் மட்டும் இருந்தது. அதுவும் ஒருவருக்கும் தெரியாத குற்றம்.

அடுத்த ஞாயிறு அங்கிள் வந்தார். வெறும் சட்டியைக் கண்டு விசாரித்தார். அப்பா நடந்ததைச் சொன்னார்.

"அக்கா, ஊரில நாங்கள் கீரை அவிக்கிறனாங்கள், வல்லாரை அவிக்கிறனாங்கள். நீங்கள்தான் கனடாவுக்கு வந்து மேப்பிளை அவிச்ச முதல் தமிழச்சி."

அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அன்றிலிருந்து அது எங்கள் வீட்டுக் கதையாகிவிட்டது. புதிதாக வந்த உறவினர்களுக்கு, கோயில் நண்பர்களுக்கு, என் கலியாணத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு, ஒருவர் மிச்சமில்லாமல் அப்பா சொன்னார். ஊரில் இருந்து வந்தவளுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும், பாவம், என்று முடிப்பார். அம்மா ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் சிரிப்பாள். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவேன். நீலக் கொப்பி மார்க்கத்துக்கு வீடு மாறியபோது எங்கோ போய்விட்டது. மரங்களில் எல்ம் மட்டும் இன்னும் இருக்கிறது. வெப்பமானி உடைந்தது. அந்தப் படங்கள் பதினான்கில் ஐந்து என்னிடம் உண்டு.

நாட்குறிப்பு தொடங்கிய பிறகு, அந்த நாளை ஆண்டுக்கு ஒருமுறையாவது குறித்து வந்திருக்கிறேன். அம்மா எனக்காகப் பழியை ஏற்றாள் என்றுதான் எழுதியிருப்பேன். அம்மாவோடு கோபம் வரும்போதெல்லாம் அந்த வசனத்தைப் போய் வாசித்து அடங்கியிருக்கிறேன். அவளுக்குச் சுகமில்லாத நாட்களில், நான் இப்போது இருக்கும் விட்பியிலிருந்து ஓடிப்போய்ப் பார்த்ததெல்லாம் பாதி பாசம், பாதி அந்த வசனம்.

போன மார்கழியில் அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு என் பிள்ளைகளுக்கு அப்பா மேப்பிள் கதையைத் தொடங்கினார். நானும் அம்மாவும் குசினியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தோம். எனக்கு நாற்பது கடந்துவிட்டது. இனியும் தண்ணீர் குடிக்கப் போக முடியாது என்று தோன்றியது.

"அம்மா, மேப்பிளை உள்ளுக்குக் கொண்டுவந்தது நான்."

"ஓம், நீதானே. எனக்கு முன்னாலதானே தூக்கிக்கொண்டு வந்தனீ."

"இல்லை, அப்பா சொன்னவர் எண்டு நான் சொன்னது பொய்."

"அதுவும் தெரியும். அவர் அப்பிடிச் சொல்லுற ஆளே? முதல் மரம் சூட்டில செத்ததை எனக்கும் சொன்னவர்."

நான் குழாயைப் பூட்டினேன். "பிறகேன் நீங்கள் எண்டு சொன்னனீங்கள்? எனக்காகத்தானே?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு உண்மையிலேயே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும்.

"உனக்காகவோ? உன்னை அவர் என்ன செய்திருப்பார்? கொஞ்ச நேரம் கத்தியிருப்பார், அவ்வளவுதான்." ஒரு தட்டைத் துடைத்து அடுக்கினாள். "வந்து நாலு மாசம். தேத்தண்ணி வேணுமோ, குளிருதோ. வந்த சனத்தோட கதைக்கிற மாதிரி. மரத்துக்கு ஏதும் எண்டா மட்டும் மனுசன்ர முகம் மாறும். அந்த முகம் ஒருக்கா என்னட்டத் திரும்பட்டும் எண்டு நினைச்சன். திரும்பினது."

அடுத்த தட்டை எடுத்தாள். முன் அறையில் என் பிள்ளைகள் சிரிக்கும் சத்தம் கேட்டது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, தானும் சிரிப்பதற்கு உள்ளே போனாள்.

அன்றிரவு நாட்குறிப்பில் முதலில் நாளையும் வெப்பநிலையையும் எழுதினேன். பிறகு உண்மையை எழுதினேன். எனக்கு நன்றி வரவில்லை. மன்னிப்பும் வரவில்லை. பத்து வயதில், உறைபனியில் வழுக்கி வழுக்கி, அந்தச் சட்டியை நான் தூக்கிவந்தது அந்த ஒரு முகத்துக்காகத்தான். அப்பா அன்று கொண்டுவந்த கோபம் என்னுடையது. நான் வாயைத் திறந்தபடி நிற்க, அம்மா அதை எடுத்துக்கொண்டாள்.